செல்வியின் கிராண்

கோழிக்கால் வேகிற வாடை காலையிலேயே வீடு முழுக்க நிற்கிறது. நொய்யரிசி, மஞ்சள், ஒரு துண்டு பூசணி, உப்பு கிடையாது. நீ செய்கிற மாதிரியேதான் செய்கிறேன், ஆனாலும் உன் பக்குவம் வரவில்லை. ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் அடி பிடிக்கிறது. என் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மனுஷனுக்குப் பசியாற ஒண்ணும் காணோம், நாய்க்கு மட்டும் விருந்து நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். உன் செல்வி கதவுப் பக்கம் படுத்திருக்கிறாள். பின்னங்கால் ஒன்று வெளிப்பக்கம் திரும்பியே கிடக்கிறது. வாடை வந்ததும் எழுந்திருக்கப் பார்க்கிறாள். அதற்கு அவளுக்கு நேரம் பிடிக்கிறது, எனக்கும்தான்.

உனக்கு வருஷத் திதி இன்னும் வரவில்லை. அதற்குள் உன்னிடம் சொல்ல இவ்வளவு சேர்ந்துவிட்டது. செம்பனை ஆலையில் வேலை முடிந்து, இனிமேலாவது காலை நீட்டி உட்காரலாம் என்று இருந்த என்னை என்ன பாடு படுத்திவிட்டுப் போயிருக்கிறாய் என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டாமா.

எல்லாம் ஜெராமில் ஒரு மீன் கிடங்கில் நீ பார்த்த ஜாகா வேலையில், அந்தக் காவல் வேலையில் ஆரம்பித்தது. கிடங்கை இழுத்து மூடியபோது முதலாளி தவுக்கே உனக்குச் சம்பள பாக்கியோடு, உன்கூடவே காவல் இருந்த அந்தப் பெட்டை அல்சேஷனையும் கொடுத்துவிட்டார். அவளோடு ஒரு தாளும் வந்தது. அவளுடைய தாய், தகப்பன், பாட்டன், பாட்டி என்று பெயர் பெயராக அச்சடித்து, கீழே நாய்ச் சங்கத்தின் முத்திரை. நிலத்துக்கும் ஓட்டுகிற காடிக்கும் இருக்கிற பத்திரத்தை நம்மாட்கள் கிராண் என்றுதான் சொல்வோம். நீ இதையும் கிராண் என்றாய். உன் வாயிலிருந்து கிளம்பிய அந்தச் சொல் நம் ஊர் புக்கிட் பெலிம்பிங் முழுக்கச் சுற்றியது. பிறகு நீ குட்டி விற்க ஆரம்பித்ததும், வாங்க வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "கிராண் இருக்கா அண்ணே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

கிராண் என்று ஆனதும் அடுத்த கேள்வி வந்தது: யார் பேரில்? உன் அடையாள அட்டை, ஐசி, சிவப்பு; குடிமகனுக்குத்தான் நீலம். தோட்டத்து லயத்தில் பிறந்தாய், உன் அப்பா பதியாமல் விட்டுவிட்டார், பிறப்புப் பத்திரம் இல்லை, குடியுரிமையும் வரவில்லை. இந்த மண்ணை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவன் நீ. ஒரு தேர்தலிலும் விரலில் மை படாமலே போய்ச் சேர்ந்தாய். எத்தனை முறை மனு எழுதினோம், எத்தனை கவுண்டரில் நின்றோம், அதையெல்லாம் மறுபடி சொல்லி என்ன ஆகப் போகிறது. வீடு உன் மனைவி பேரில், வேன் உன் மனைவி பேரில். உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளும் என்னை அண்ணே என்றுதான் சொல்வாள். நாயையும் அவள் பேரிலேயே எழுதலாமா என்று நீ கேட்டதும் அவள் அகப்பையும் கையுமாக வந்து நின்றாள்.

"வீட்டுக்கும் என் பேரு, வேனுக்கும் என் பேரு, இப்ப நாய்க்குமா? ஊர்ல என்னை நாய்க்காரின்னு கூப்பிடணும், அதானே உங்களுக்கு?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையிலேயே என் கதி எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் வேனில்தான் கோலாலம்பூர் போனோம். சங்கத்து ஆபீஸ் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. நீ ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. "நீ போய்ப் போட்டுட்டு வாடா. எனக்குக் கவுண்டரே ஆகாது. என் ஐசியை எடுத்து வச்சதும் அங்க உக்காந்து எழுதற கிராணி மூஞ்சி மாறும் பாரு, அதை இன்னொரு தடவ பாக்க என்னால முடியாது" என்றாய். நான் ஏறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து உன் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குட்டியின் தாளிலும் வளர்ப்பவர் என்ற இடத்தில் என் பேர்தான். பாயை விரித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தது நீ, மூச்சு விடாத குட்டியைத் துண்டால் தேய்த்துத் தேய்த்து அழ வைத்தது நீ. நான் மறுநாள் வந்து பாலில்லாத தே ஓ குடித்துவிட்டு, நீ நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவன்.

உன் வியாபாரத்தைப் போல ஒரு விளங்காத வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. ரவாங்கிலிருந்து ஒருத்தர் புதுக் காடியில் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? மகன் பிறந்தநாள் அந்த வாரமே, குட்டியை இப்போதே தூக்கிப் போக வேண்டும் என்றார். நீ, இன்னும் பால் மறக்கவில்லை, முதலில் உள்ளே வந்து தாயைப் பாருங்கள் என்றாய். "கிராண் இருக்கில்ல, அப்புறம் அம்மாவ எதுக்குப் பாக்கணும்? நேரம் இல்லைலா" என்றார் அவர்.

"நேரம் இல்லாத ஆளுக்கு நாய் எதுக்குங்க? காடின்னா பேப்பர் பாத்து வாங்கலாம். இது உசிரு. அம்மா எப்படி நடக்கிறா, அந்நிய ஆளைப் பாத்தா என்ன பண்றா, அதைப் பாத்துட்டு அப்புறம் வேணும்னு சொல்லுங்க."

அவர் காடிக் கதவைச் சாத்திய சத்தம் ரோட்டுக்கோடி வரை கேட்டது. நான் உன்னை வைதேன். வந்த மகாலட்சுமியை வாசலோடு அனுப்புகிறாயே, உனக்கென்ன பெரிய தர்மராசா என்று நினைப்பா என்று கேட்டேன். நீ சிரித்தாய். வாங்கிப் போகிறவர்களையும் நீ சும்மா விடமாட்டாய். "வச்சிக்க முடியலன்னா ரோட்ல விட்டுடாதீங்க. எந்த வயசானாலும் எங்கிட்டயே கொண்டாந்து விடுங்க" என்பாய். இப்போது அந்த அழைப்பெல்லாம் என் போனுக்கு வருகிறது. தாளில் இருப்பது என் பேர்தானே. அப்பார்ட்மெண்டுக்கு மாறுகிறோம், குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது, கணவர் வேலை சிங்கப்பூருக்குப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு காரணம், கடைசியில் எல்லோரும் வைத்துப் பார்க்க ஆளில்லாத ஒரு நாயைத்தான் சொல்கிறார்கள்.

செல்வி அந்த முதல் அல்சேஷனின் பேத்தி. ஒரே ஒரு ஈற்று ஈன்றாள். அதன் பிறகு அவள் நடையில் ஏதோ கோணல் இருக்கிறது என்று நீதான் முதலில் சொன்னாய். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்புக் கிண்ணத்தில் எலும்பு சரியாக உட்காரவில்லை, குட்டிகளுக்கும் வரும் என்றார். அவளை இனிமேல் சேர்ப்பதில்லை என்று நீ அங்கேயே சொல்லிவிட்டாய். கிராண் சரியாகத்தானே இருக்கிறது, அடுத்த ஈற்றையும் சங்கத்தில் பதிவார்களே, அவர்கள் இடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லையே என்று நான்தான் கேட்டேன். "பேப்பர் நடக்காதுடா, நாய்தான் நடக்கும்" என்று சொல்லிவிட்டு, அவளை இரண்டு கையாலும் தூக்கி வேனில் ஏற்றினாய்.

இனி இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் காரியம் முடிந்த கையோடு, தங்கச்சி வேலைக்குப் போய்விட்டால் பார்க்க ஆளில்லை என்று செல்வியை நான் கூட்டி வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் தங்கச்சி ஒரு பையனோடு என் வீட்டுக்கு வந்தாள். சுங்கை சோ பக்கம் நாய்க்குட்டிக் கடை வைத்திருக்கிறவன். மரியாதையான பையன், பிஸ்கட் டின் எல்லாம் வாங்கி வந்திருந்தான். செல்வியைக் கேட்டான். அவன் சொன்ன விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

உன் மகளுக்குக் கிள்ளானில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்கச்சி கையுறை ஃபேக்டரியில் வாங்குகிற சம்பளத்தில் அது நடக்காது. அவள் அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு இடுப்பு சரியில்ல தம்பி. குட்டிக்கு ஆகமாட்டா" என்றேன்.

அவன் செல்வியின் பின்னங்காலைப் பார்த்தான். "அப்ப நாயை நீங்களே வச்சிக்கோங்க அங்கிள். கிராண் மட்டும் மாத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அதே விலை."

"நாய் இல்லாம கிராண வச்சு என்ன பண்ணுவ?"

"கடையில குட்டிங்க இருக்கு அங்கிள். பாக்க நல்ல குட்டிங்கதான். அம்மா பேப்பர் மட்டும் இல்ல. செல்வி போட்டதுன்னு எழுதிக்கலாம்."

"அந்தக் குட்டிங்களோட அம்மா எங்க இருக்கு?"

"அதை யாரு அங்கிள் கேக்கறா?"

அவன் கள்ளத்தனமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அதுதான் என்னை அசைத்துவிட்டது. நாய்தான் வேண்டும் என்று நின்றிருந்தால் ஒரே வார்த்தையில் முடியாது என்று அனுப்பியிருப்பேன். இப்போது செல்வி என் வீட்டிலேயே இருப்பாள், கோழிக்கால் தின்பாள். உன் மகள் படிப்பாள். எங்கேயோ ஒரு கூண்டில், ஈன்று ஈன்று வயிறு தொங்கிப்போன ஒரு பெட்டையை நான் பார்க்கப் போவதுமில்லை. ஒரு கையெழுத்துத்தான். உனக்காக எத்தனையோ போட்ட கை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பினேன். தங்கச்சி போகும்போது, "நீங்க என்ன சொன்னாலும் சரிண்ணே" என்றாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மனசு ஒரு நிலையில் இல்லை. பஸ் பிடித்து மறுபடி அந்த மாடி ஆபீசுக்குப் போனேன். இந்த நாய் குட்டி போடத் தகுதியில்லை என்று தாளில் எழுத முடியுமா என்று கேட்க நினைத்தேன். எழுதிவிட்டால் இந்தத் தாளே விலைபோகாது, நான் முடிவு பண்ண வேண்டிய வேலையும் இல்லை. கவுண்டரில் ஒரு சின்னப் பெண், உன் மகள் வயதுதான் இருக்கும். மலாயில்தான் பேசினோம். எழுதலாம் அங்கிள் என்றாள். வந்ததுதான் வந்தோம் என்று, வளர்ப்பவர் இடத்தில் உன் பேரைப் போட முடியுமா என்றும் கேட்டேன். இறந்துபோனவர் பேரில் இனிமேல் மாற்ற முடியாது, அப்போதே அவர் பேரில் எழுதியிருக்கலாமே என்றாள்.

"அவருக்குச் சிவப்பு ஐசிம்மா."

அவளுக்குப் புரியவில்லை. "அதனால என்ன அங்கிள்? நாங்க நம்பர்தான் எழுதுவோம், கலரைக் கேக்கறதில்ல. இது நிலமா என்ன, நாய்தானே?"

வந்த வேலையை மறந்து படி இறங்கி, அன்றைக்கு நீ வேனை நிறுத்தியிருந்த பக்கமாகப் போய் நின்றேன். அழுகைதான் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. உன்மேல் கோபமும் வந்தது. யாரும் உன்னை வெளியே நிறுத்தவில்லையடா. கிராண் என்று நீயே ஒரு பேரை வைத்து, கிராண் என்றால் சிவப்பு ஐசிக்குக் கிடையாது என்று நீயே முடிவு பண்ணி, வேனுக்குள் உட்கார்ந்துவிட்டாய். உன்னைச் சொல்லியும் குற்றமில்லை, வாழ்நாள் முழுக்கப் பழக்கியது அப்படி. நானும்தான் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கத் தோன்றாமல் என் நீல ஐசியை எடுத்து நீட்டினேன். கேட்டிருந்தால், நீ பார்த்துப் பார்த்து வளர்த்த அத்தனை குட்டிக்கும் உன் பேர் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கவுண்டர் பெண் சொன்னதைத் தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். ஃபேக்டரிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பிறகு சிரித்தாள். "பைத்தியக்கார மனுஷன்" என்றாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தக் கடைக்காரப் பையனோட குட்டிங்க அம்மாவை யாராச்சும் பாத்திருக்காங்களாண்ணே?"

"இல்லம்மா."

"என் வீட்டுக்காரரு தாயைக் காட்டாம ஒரு குட்டியும் வித்ததில்ல. கையெழுத்துப் போடாதீங்க."

"பிள்ளை படிப்பு?"

"ஓவர்டைம் கேட்டா கொடுப்பாங்க" என்றாள், சட்டையை மறுபடி எடுத்து மடித்துக்கொண்டே.

மறுபடி மாடி ஏறி, தாளில் எழுதச் சொல்லிவிட்டேன். செல்விக்குக் கருப்பை ஆபரேஷனும் ஆகிவிட்டது. இதனால் உலகம் ஒன்றும் திருந்திவிடவில்லை. அந்தப் பையன் அடுத்த வாரமே வேறு யாரோ ஒருவரின் கிராணை வாங்கிவிட்டான். ஒரு தடவை அவன் கடை வழியாகப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தகப்பன் கிராண் இருக்கா என்று கேட்டான், கடைப் பையன் எடுத்துக் காட்டினான், அவர்களுக்குத் திருப்தி. நான் பஸ் பிடிக்க நடந்தேன்.

இப்போது தங்கச்சிக்குப் பெரும்பாலும் இரண்டு ஷிப்ட். பிள்ளை கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், கவலைப்படாதே. கையெழுத்துப் போடாதவன் நான், வேலை செய்கிறவள் அவள். சில நாள் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வருவாள். சப்பாத்தைக் கழற்றினால் பாதம் இரண்டும் வீங்கியிருக்கும். செல்வி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் இடுப்பைத் தடவிக்கொண்டே, "நாம சரியாத்தான செஞ்சோம்ணே?" என்று கேட்பாள்.

ஆமாம்மா என்பேன். நீ எனக்கு விட்டுப்போன வேலைகளில் இதுவும் ஒன்று என்று ஆகிவிட்டது. அந்த ஆமாவைச் சொல்ல முன்னெல்லாம் எனக்கு நேரம் எடுக்கவில்லை. இப்போது அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.