பழுப்புக் காகிதத்துக்குப் பின்னால் ஐம்பத்தெட்டு

ஆகஸ்ட் 27, 1957, செவ்வாய்

ஆம்டால் கார் கடையின் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டிவிட்டார்கள்! காலையில் சலூனைத் திறக்க வந்தவன் சாவியைப் பூட்டில் வைத்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒரு கீற்று இடைவெளி இருக்க வேண்டுமே? கிடையாது. ஆம்டால் கிழவர் கெட்டிக்காரர்.

இனி ஒரு மாதத்துக்கு ஊரில் யாருக்கும் சோறு இறங்காது. ஹாலிஸ்டர் கம்பெனியின் ஐம்பத்தெட்டாம் வருட வண்டிகள் தார்ப்பாய் போர்த்தி வந்து இறங்கும். எங்கே ஒளித்துவைப்பார்கள், என்ன மாறியிருக்கும்? அறிமுக நாள்வரை மூச்சு விடமாட்டார்கள். அதுவரை என் சலூனில் முடிவெட்ட வருகிறவனெல்லாம் கேட்கும் ஒரே கேள்வி, "மெர்ல், இந்த வருஷம் என்ன வரும்?"

நான் சொல்வது தவறாது. சூட்சுமம் ரொம்பச் சுலபம். ஹாலிஸ்டரில் மூன்று ரகம். சாவரின் பணக்காரன் வண்டி. புதுசு எதுவானாலும் அதற்குத்தான் முதலில் மாட்டுவார்கள். மறுவருடம் பெல்ஃபீல்டுக்கு வரும். அதற்கும் மறுவருடம் ஏழை கூரியருக்கு. ஐம்பத்தைந்தில் சாவரினுக்கு மட்டும் தக்காளியை நறுக்கி ஒட்டியதுபோல வட்டமான பின்விளக்கு. ஐம்பத்தாறில் அதே தக்காளி பெல்ஃபீல்டில். இந்த ஐம்பத்தேழில் கூரியரிலும் வந்துவிட்டது, பின்னால் சிறகு வேறு முளைத்து!

ஆனால் ஐம்பத்தெட்டில் அந்தக் கணக்கு உடையும் என்று என் மனசு சொல்கிறது. மூன்று வண்டிக்கும் சேர்த்தே நான்கு முன்விளக்கு. கூரியருக்கும்தான். அடித்துச் சொல்கிறேன்.

"போடா வாத்தியாரே, கூரியருக்கு ரெண்டுதான்" என்றான் கிளீட். ஆணி, பெயின்ட் விற்கிற பயலுக்கு என்ன தெரியும்? தோற்றவன் நடுத்தெருவில் நின்று சேவல் மாதிரி கூவ வேண்டும் என்று பந்தயம் கட்டியாயிற்று.

செப்டம்பர் 1, ஞாயிறு

தேவாலயத்தில் நீவா பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவள் வீட்டு வாசலில், பீச் பழம் வைத்து அவள் சுட்ட பை சாப்பிட்டோம். மே மாதத்திலிருந்து எல்லா ஞாயிறும் இப்படித்தான். ஆம்டால் கடையில் டெலிபோன் எடுப்பவள். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவள் சிரித்தால் எனக்குத் தலைகால் புரிவதில்லை. நாற்பத்தொரு வயதுக் கழுதைக்கு இதெல்லாம் தேவையா? தேவைதான்!

மோதிரம் வாங்கிச் சவரக்கத்திப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இன்று கேட்டுவிடுவது என்றுதான் போனேன். வாயைத் திறந்தால் வந்தது என்ன? "சாவரின் பம்பர் இந்த வருஷம் கனமா இருக்கும்னு நினைக்கிறேன்." கேட்கப் பயம், வேறென்ன. வண்டிப் பேச்சு என்றால் மட்டும் நாக்கு நடுங்குவதில்லை.

செப்டம்பர் 7, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

சாயங்காலம் நீவா சலூனுக்கு வந்தாள். ஒருநாளும் வந்ததில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். எனக்கு ஒரே குஷி. லாரி வந்துவிட்டதா, எங்கே இறக்கினார்கள், விளக்கைப் பற்றி ஆம்டால் ஏதாவது முணுமுணுத்தாரா என்று தொடங்கினேன், நிறுத்தவேயில்லை. அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன் மெர்ல். இத்தனை நாளா நீ என்னைப் பாக்க வந்தியா, அந்தக் காகிதத்துக்குப் பின்னால இருக்கிறதப் பாக்க வந்தியா?"

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கிளீட் தலையைத் தூக்கினான்.

"டேய், அவ முடி எங்கடா?"

முடி! இடுப்புவரை இருந்த முடி! காதுக்குக் கீழே ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால், என் நாற்காலியில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாள் — நான் தக்காளி விளக்கைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பார்பராம் பார்பர்! கிளீட் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவன் தலையில் துண்டைத் தூக்கி எறிந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தேவாலயத்தில் வேறு வரிசையில் உட்கார்ந்தாள். பிரசங்கம் எதைப் பற்றி என்று தெரியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பூவோடு போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அம்பத்திமூணு சாவரின்ல சாம்பல் கிண்ணம் எந்தப் பக்கம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவ. என் கண்ணு என்ன நிறம்? இங்க பாக்காத, தரையப் பாத்துச் சொல்லு."

எனக்குத் தெரியும்! சத்தியமாகத் தெரியும்! தூங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கண்தானே எதிரில் வருகிறது. ஆனால் என் பாழும் வாய் —

"அம்பத்தஞ்சு பெல்ஃபீல்ட் பச்சை" என்றேன்.

படார்.

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா? சிரிப்பு மாதிரிதான் இருந்தது. எனக்கு வேண்டியபடி காது கேட்கிறதோ என்னவோ. பூவை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆம்டால் முடிவெட்ட வந்தார். புது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். "ஏம்ப்பா, உடம்புக்கு முடியலையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

செப்டம்பர் 14, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் கிளீட் ஓடிவந்தான். வண்டிகள் சந்தைத் திடலில், கண்காட்சி முடிந்து காலியாகக் கிடக்கிற மாட்டுக்கொட்டகையில் இருக்கின்றனவாம். ஊரே பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. காவலுக்கு ஒருத்தரும் இல்லை.

"வாடா வாத்தியாரே! ஒரு ஓரத்தத் தூக்கிப் பாத்துட்டு ஓடியாந்துடலாம். நீ பாக்காம எவன் பாக்கறது?"

போகக்கூடாது என்று மனசு சொன்னது. கால் போய்விட்டது. கிளீட் வேலிக்கு வெளியே நின்றுகொண்டான். கொட்டகைக்குள் நுழைந்தேன். வைக்கோல் வாசம், சாண வாசம், அதற்கு நடுவே புது ரப்பர் வாசம். வரிசையாகத் தார்ப்பாய்க் குன்றுகள். அவற்றுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில், மடியில் பின்னல் ஊசியோடு, நீவா.

காவலுக்கு அவளைத்தான் போட்டிருந்தார் கிழவர்!

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வருவேன்னு தெரியும்" என்றாள். "சரி, பாத்துக்க. நான் திரும்பிக்கறேன். முன்னாடி இருக்கறது கூரியர், கயிறு தளர்ந்துதான் கிடக்கு. ஆசை தீரப் பாத்துட்டுப் போ. ஆனா அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை என் வீட்டுப் பக்கம் வராத."

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

காற்று வேறு! தார்ப்பாய் படபடவென்று அடிக்கிறது. ஓரத்தில் குரோமியம் மின்னுகிறது. இரண்டு அடி நடந்து குனிந்தால் போதும், நான்கா இரண்டா தெரிந்துவிடும். கடவுளே, என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. என்ன ஜென்மமடா நான்! இங்கே முதுகைக் காட்டி நிற்கிறவள் திரும்பிப் பார்க்கும்போது நான் விளக்கை எண்ணிக்கொண்டிருந்தால், இனி எந்த வருடத்து வண்டி வந்து எனக்கு என்ன? காலியாகக் கிடந்த பால்வாளியை எடுத்துக் கவிழ்த்து, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பார்க்க அவள் தலை மட்டும்தான் இருந்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"நீவா, இடது பக்கம் நீளமா இருக்கு. எந்தப் பாவி வெட்டினான்?"

"நானேதான் வெட்டிக்கிட்டேன்" என்றாள் சுவரைப் பார்த்தபடி. தோள் குலுங்கியது. "உன்கிட்ட வெட்டிக்கலாம்னு நினைச்சேன். ஆனா உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"நீளமா இருந்தப்போ நல்லா இருந்தது. இப்ப அதவிட நல்லா இருக்கு. கழுத்துல ஒரு மச்சம் இருக்கு, இத்தனை நாளா தெரியல. நான் ஒரு மடையன். கேக்க வேண்டியதக் கேக்கப் பயந்துகிட்டு வண்டியப் பத்திப் பேசறேன், அதான் விஷயம்."

திரும்பினாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என்ன கேக்கணும்?"

கேட்டேன்! மோதிரம் கூடக் கையில் இல்லை, மாட்டுக்கொட்டகை, வாளிமேல் உட்கார்ந்து கேட்டேன்!

"அறிமுக நாள் அன்னைக்கு சாயங்காலம் திரைய இழுக்கப்போறது நான்தான்" என்றாள். "ஊரே அந்த வண்டியப் பாக்கும். அப்ப நீ எங்க பாக்கறேன்னு பாத்துட்டுச் சொல்றேன். இன்னைக்கு இங்க நான் ஒருத்திதான இருக்கேன், இது பெரிசில்ல."

அப்புறம் என் கோட்டுப் பையிலிருந்த கத்தரிக்கோலால் இடது பக்கத்தைச் சரிசெய்துவிட்டேன். வெளியே கிளீட் விசில் அடித்து அடித்து அலுத்துப் போய்விட்டிருந்தான். "எத்தனடா? சொல்லித் தொலைடா!" என்றான். பார்க்கவில்லை என்றேன். நம்பவில்லை.

செப்டம்பர் 25, புதன்

நாளைக்கு! நாளைக்கு! இன்று ஒருவர் மீசையில் பாதியைத் தவறிச் சிரைத்துவிட்டேன். காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பள்ளிக்கூட பேண்டு, ஆப்பிள் சாறு, டோனட், ஆம்டால் கடைக்கு முன்னால் ஊரே திரண்டிருந்தது. காகிதத்தைக் கிழித்தார்கள். உள்ளே மேடையில் வெள்ளைத் துணி போர்த்தி மூன்றும் நின்றன. கிளீட் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தான். நீவா நீல கவுன் போட்டுக்கொண்டு வந்து துணியின் முனையைப் பிடித்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

இழுத்தாள். "ஆ!" என்றது கூட்டம். ஒரு பெண்மணி வீறிட்டாள். இளஞ்சிவப்பா வெள்ளையா ஏதோ ஒன்று கண்ணின் ஓரத்தில் பளபளத்தது. என் கண் மேலே போகவில்லை, கீழே போகவில்லை, நீவாவிடமே நின்றது. அவளும் என்னைத்தான் பார்த்தாள். துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே மேடையிலிருந்து இறங்கி, ஆம்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"சரி" என்றாள். அவ்வளவுதான். "சரி மெர்ல், சம்மதம்."

மேடையில் ஆம்டால் பேச்சை நிறுத்திவிட்டு, "நீவா! அந்தத் துணி கடைத் துணிம்மா!" என்று கத்தினார்.

செப்டம்பர் 27, வெள்ளி

கூரியருக்கு இரண்டே விளக்குதானாம். மத்தியானம் நடுத்தெருவில் நின்று கூவினேன். சந்தோஷம் தாங்காமல் மறுபடியும் மறுபடியும் கூவியதில் கிளீட்டுக்கே கோபம் வந்துவிட்டது. "தோத்தவன் மாதிரி கூவுடா!" என்றான்.

நவம்பர் 3, ஞாயிறு. ஏரிக்கரை விடுதி

நேற்றுக் கல்யாணம். வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுகிற புது கூரியரை ஆம்டால் தேனிலவுக்கு இரவல் கொடுத்திருக்கிறார். கல்யாண வண்டி என்று பின்னால் கிளீட் கட்டிவிட்ட தகர டப்பாக்கள் மாவட்ட எல்லைவரை அலறின. நான் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங் இலகுவாகிவிட்டது, பேசவில்லை. ஹீட்டர் பொத்தான் இடம் மாறிவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நீவாதான் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "மூஞ்சி வீங்கிப்போச்சு உனக்கு. வெடிச்சுத் தொலைக்கப் போற. சொல்லு, அம்பத்தெட்டுல என்ன என்ன மாறிச்சு? முதல்லேர்ந்து சொல்லு, நான் கேக்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமாதான்."

கூரியரிலிருந்து தொடங்கினேன். விளக்கு, கிரில், கதவுப் பட்டை, ஒன்று விடவில்லை. அவளும் "ம்", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பெல்ஃபீல்டுக்கு வந்தபோது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாவரினை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நிறுத்திக்கொண்டேன்.