சார்ஜ் எங்கே போகிறது

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து சாரல். துவைத்த துணி நாலு நாளாகக் கொடியில் ஈரம். குற்றாலத்தில் கார் நிறுத்த இடமில்லையாம், சீசன் கூட்டம். நமக்கென்ன, நமக்குப் புளியறைப் பள்ளிக்கூடம்.

கரண்ட் காரில் சார்ஜ் 56 சதவீதம். ஞாயிறு முழுசாக ஏற்றினேன். இரண்டு நாள் போக வர ஓட்டம், 78 இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்கு இந்தக் கழித்தல் வரவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை இன்னும் மோசம். ஷெட்டில் வண்டி எழும்பவே இல்லை. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து அதுவும் அணைந்தது. வண்டி ஓட அடியில் ஒரு பெரிய பேட்டரி, கதவு, விளக்கு, ரேடியோவுக்கெல்லாம் முன்னால் சின்னப் பேட்டரி. அந்தச் சின்னது செத்துப்போயிருந்தது. புதுசு மாட்டினார்கள். அன்று நான் பள்ளிக்கூடம் சேரும்போது இரண்டாம் பீரியட் முடிந்திருந்தது. ஹெச்.எம். முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

சின்னது சரியானது, இப்போது பெரியது இறங்குகிறது.

கத்தாரிலிருந்து நாசர் போன். மனைவி எப்படி இருக்கிறாள் என்பதற்கு முன் வண்டி எப்படி இருக்கிறது. உண்மையைச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். "வித்துரலாம் ஜெசிமா. கடையநல்லூர்ல ஒருத்தர் கேட்டிருக்காரு, ஞாயித்துக்கெழம வந்து பாப்பாரு. அடுத்த லீவுல வரும்போது பெட்ரோல் வண்டி பாப்போம்." அவர் லீவு அடுத்த வருஷம். அதுவரை? இரண்டு பஸ், அதில் ஒன்று வந்தால் வந்தது.

மாமா வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பஸ்ல அலையதுக்கு வேலைய விட்டுரட்டும். இங்கன என்ன கொறச்சல்?" என்று காற்றிடம் சொன்னார். மருமகளிடம் நேராகச் சொன்னால் வாய் தேய்ந்துவிடும்.

ஜூலை 9, புதன்

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான். "குளிர் காலத்துல அப்படித்தான் மேடம். ஹீட்டர் போட்டா சார்ஜ் இறங்கும்."

குளிராம். சாரல் காற்று சில்லென்று இருக்கும்தான். ஆனால் நெட்டில் தேடினால் பனி நாட்டுக்காரர்கள் மண்வாரியோடு நிற்கிறார்கள். கிளம்பும் முன் பேட்டரியைச் சூடாக்கு, சீட்டை மட்டும் சூடாக்கு, கையுறை போடு. கையுறை போட்டுக்கொண்டு தென்காசி மார்க்கெட் வழியாக ஓட்டினால் கல்யாணமா என்று கேட்பார்கள்.

இருந்தாலும் இன்று ஹீட்டர் போடவில்லை. இலஞ்சியில் செல்வி டீச்சர் ஏறினார், தினமும் என்னோடு வருகிறவர். இரண்டு பேர் மூச்சு, ஒரு நனைந்த குடை, கண்ணாடி பூராவும் ஆவி. செல்வி முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். "டீச்சர், ரோடே தெரியல. நீங்க எதப் பாத்து ஓட்டுதிய?" "ஞாபகத்த வச்சு." அவர் சிரிக்கவில்லை. பாவம், இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன.

மாலை 35.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய் நிறத்தில் இருக்குமே மாமாவின் முட்டித் தைலம், சீனி, சிவப்பு மை.

ஜூலை 10, வியாழன்

இன்று மறக்க மாட்டேன். திரும்பி வரும்போது செங்கோட்டை தாண்டியதும் விளக்கு. 'பேட்டரி குறைவு. ஹீட்டரை நிறுத்தவும்.' நிறுத்தினேன். ரேடியோவை நிறுத்தினேன். ஆவி படராமலிருக்க நாலு கண்ணாடியையும் இறக்கினோம். சாரல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. இரண்டு டீச்சர்மாரும் அருவியில் குளித்தவர்கள் மாதிரி வந்தோம். ஆட்டோக்காரர் ஒருவர் கூடவே ஓட்டிவந்து, "ஏசி வேலை செய்யலயாக்கா?" என்றார்.

வீடு சேரும்போது 9. படியில் உட்கார்ந்து அழுதேன். கார் போனால் போகட்டும். அந்த அரை மணி நேரம் போய்விடுமே. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. யாருக்கும் மருமகள் இல்லை, மனைவி இல்லை, டீச்சர் இல்லை. அது யாருக்கும் தெரியாது, எழுதினால் சிரிப்பாகவும் இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

சர்வீஸ் பையன் திரும்பக் கூப்பிட்டான், நல்ல பையன். "ராத்திரி எவ்வளவு இருக்கு, காலைல எவ்வளவு இருக்குன்னு குறிச்சுப் பாருங்க மேடம். நிக்கும்போது இறங்குதா, ஓடும்போது இறங்குதான்னு தெரிஞ்சிரும்." இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். கணக்கு டீச்சராம்.

மழையில் சார்ஜ் போடக் கூடாது, இடி இறங்கும் என்பது மாமா சட்டம். இன்று சட்டத்தை மீறினேன். படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கினேன். 48.

ஜூலை 11, வெள்ளி

சிரிப்பதா, என்ன செய்வது. வரிசையாக எழுதுகிறேன்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். ஷட்டர் முக்கால்வாசி இறக்கியிருந்தது. நான் இறக்கவில்லை. குனிந்து உள்ளே போனால் கார்க் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி. ஏதோ எரிகிறது என்று நினைத்தேன். கையால் கதவைத் தட்டினேன். உள்ளே ஹாரன் அலறியது.

மாமா.

டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, கைலியை முட்டிக்கு மேல் சுருட்டி, இரண்டு காலையும் சூடு வரும் ஓட்டைக்கு நேராக நீட்டி. மடியில் தஸ்பீஹ் மணி. தைல வாசம் ஆளைத் தூக்கியது. இந்த வாசம் இரண்டு வாரமாக வண்டியில் இருக்கிறது, நான் செல்வியுடையது என்று நினைத்தேன்.

"நீங்களா மாமா!"

"இல்ல, பள்ளிவாசல்ல தரை சில்லுனு இருக்கு. முட்டி மடங்க மாட்டேங்கு. செத்த நேரம் காயவச்சா தேவல."

"எப்பம் இருந்து?"

"சாரல் பிடிச்சதுல இருந்து. அலமாரியில கெடக்க இன்னொரு சாவிய எடுத்துட்டு வந்து மொதல்ல பட்டன மட்டும் அமுக்குனேன், சூடில்லாத பச்சக் காத்தும் ரேடியோவும்தான் வந்துச்சு. பொறவு நீ பிரேக்க மிதிச்சுட்டு அமுக்குதத ஜன்னல் வழியா பாத்தேன்."

ஆக சின்னப் பேட்டரியைக் கொன்றதும் இவர்தான், பெரிய பேட்டரியைத் தின்றதும் இவர்தான். முன்னால் நாற்பது வருஷம் லாரி ஓட்டினவர். ஆரியங்காவு மலையில் குளிருக்கு என்ஜின் மூடி மேல் காலைப் போட்டுத் தூங்கின மனுஷன். பழக்கம் விடவில்லை. 'சத்தமில்லாத வண்டியில மனுஷன் ஏறுவானா' என்று இதுவரை ஒரு நாள் கூட என்னோடு ஏறவில்லை. ஏறாமலா இருந்திருக்கிறார்!

மாமி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தார். "நா டீக்கடையில அரட்டைன்னுல நெனச்சேன். ஏட்டி, வெளிய சொல்லாத, மானம் போயிரும்."

கோபம் வரவே இல்லை. வண்டிக்கு ஒன்றும் இல்லை! பள்ளிக்கூடம் வரை ஹீட்டர் போட்டேன், ரேடியோ போட்டேன். செல்வி, "என்ன டீச்சர், லாட்டரியா?" என்றார்.

மாலை. மாமா வராந்தாவில் மெதுவாக, "நாசர்ட்ட மட்டும் சொல்லிராதம்மா. சிரிப்பான்." சரி என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி போய்விடும்.

ஜூலை 12, சனி

லீவு. மழை விட்டு விட்டு. தலைவலி.

நாசர் கேட்டார், கோளாறு என்னவென்று தெரிந்ததா என்று. "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே. விற்கிறதுதான் நல்லது, லீவில் வந்து எடுக்கப் பெட்ரோல் வண்டிக்கு இப்போதே பேசிவிட்டேன் என்கிறார்.

பெட்ரோல் வண்டி என்றதும் அந்தக் காட்சி கண்ணில் ஓடியது. மூடின ஷட்டர், ஓடுகிற என்ஜின், உள்ளே மாமா, கண்ணை மூடி தஸ்பீஹ். யா அல்லாஹ். இந்த வண்டியில் புகை இல்லை என்பதால்தான் இரண்டு வாரமாக எழுந்து வந்திருக்கிறார்.

மாமாவிடம் போய் நேராகச் சொன்னேன். "பெட்ரோல் வண்டி வந்தா அதுல இப்படி உக்காந்திராதிய மாமா. ஷட்டர மூடிட்டு உக்காந்தா புகை ஆளக் கொன்னுரும். ஒரு நாள் கூடத் தாங்காது." நாசரிடம் சொல்லட்டுமா என்று கேட்கவில்லை. அவர் லாரிக்காரர், புகை தெரியும். முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

மாமி சோறு போடும்போது, "என்னத்தச் சொன்ன? மனுஷன் ரெண்டு கவளத்துக்கு மேல எறக்கல."

ஜூலை 13, ஞாயிறு

வெயில்! துணியெல்லாம் மாடியில்.

கடையநல்லூர்க்காரர் பத்து மணிக்கு வந்தார். அண்ணாச்சி அண்ணாச்சி என்று மாமாவிடம் நல்ல பேச்சு. வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார். நான் சாவியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார்ஜ் நிக்கலன்னு ஒங்க மவன் சொன்னாரு. என்ன கோளாறு அண்ணாச்சி?"

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வண்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு பண்ணுனது நான்." எல்லாவற்றையும் சொன்னார். கைலி, முட்டி, ரேடியோ, ஹாரன், ஒன்றையும் விடவில்லை. வந்தவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"அப்பம் நல்ல வண்டிதான! நா எடுத்துக்கிடுதேனே?"

"இல்ல தம்பி. என் மருமவ வேலைக்குப் போற வண்டி. விக்கதுக்கு இல்ல."

என் வேலைக்காக அவர் பரிந்து பேசி இந்த வீட்டில் நான் கேட்டதில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நாசரிடமும் அவரே பேசினார், ஸ்பீக்கரில். "லே, கேளு. சிரிக்காத." நாசர் சிரித்தார், நிறுத்தவே இல்லை. புகையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "வண்டி இருக்கட்டும் வாப்பா" என்றார்.

சாயங்காலம் சார்ஜ் போட்டேன், யாரும் தடுக்கவில்லை. நாளைக்குக் கணக்கு டெஸ்ட், பேப்பர் இன்னும் எழுதவில்லை. மாமா ஷெட் வாசலில் வந்து நின்றார். என்னிடம் நேராகவே கேட்டார்.

"காலைல எத்தன மணிக்குக் கெளம்புத?"

"ஏழே முக்கால் மாமா."

"சரி. அதுக்கு முன்னால எறங்கிருதேன்."