ஹேரத் சீயாவுக்குப் போகாத அழைப்பு

அன்பு மகன் ஷப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மடவளையில் நாங்கள் எல்லோரும் சுகம். கத்தாரில் உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் என்றால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், நீங்களும் அழாதீங்க உம்மா என்று சொல்லி வைத்துவிடுவீர்கள்.

என் வாப்பாவை, உங்கள் மூத்தாப்பாவை, அடக்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், உங்கள் வாப்பா மறுபடி கடை திறந்துவிட்டார், இங்கே ஒரே மழை. தங்கச்சி ருஷ்தா நேற்று சேறு காய்ந்த சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போனாள். வீட்டில் எல்லோருடைய சப்பாத்தையும் வரிசையாக வைத்து மினுக்குவது மூத்தாப்பாதானே, எங்களில் யாருக்கும் அது நினைவில் இல்லை. பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் லொறி ஓட்டிய மனிசன் வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சூறாவளிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு அரிசி கொண்டுபோன இடத்தில் ஒரு பெண் அவருடைய தமிழைக் கேட்டுவிட்டு, தம்பி நீங்க எங்கட ஆளா என்று கேட்டதையும், நான் லொறிட ஆள் உம்மா என்று இவர் சொன்னதையும் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பேராதனைக்குப் படிக்கப் போன அன்று என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஹொஸ்டல் வாசலில் விறைப்பாக நின்றவர் அவர். என் உம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டதும் அவர்தான். கயிறு கட்டுற மாதிரி இழுக்காதீங்க, நான் லொறி இல்ல என்று உம்மா ஏசுவா, அவர் இன்னும் இறுக்கிக் கட்டுவார்.

போன நோன்பில் ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார். நான் மவுத்தானா முதல்ல ஹேரத்துக்குச் சொல்லு, தூக்க முந்தி அவன் ஒரு சல்யூட் அடிக்கட்டும், வேற ஒண்டும் வேணாம் என்று. ஒரே லொறியில் பக்கத்துச் சீட்டில் இருந்த சிநேகிதன் இல்லையா, உங்களுக்கும் ஒரு சிங்கள மூத்தாப்பா மாதிரி, சீயா என்றுதானே கூப்பிடுவீர்கள். ஹலீம் மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்றுதான் தன் மகனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

அன்று விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வபாத்தானதும், ஜனாஸாவை வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது, பகல் லுஹர் தொழுகையோடு அடக்குவோம் என்று ஹலீம் மாமாவும் பள்ளிவாசல் ஆட்களும் பேசி முடித்தார்கள். ஹேரத் சீயா ஹேவாஹெட்டவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர வேண்டுமென்றால் பின்னேரம் அஸர்வரை பொறுக்கச் சொல்ல வேண்டும். அதை அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும். திரைச்சீலைவரை போனேன், வாய் வரவில்லை, திரும்பி வந்து பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன். அடக்குகிற நேரம் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஜனாஸா வைத்த சந்தூக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் அவருடைய நம்பரை அழுத்தி, மவுத்தான செய்தியை மட்டும் சொல்லி வைத்தேன்.

கறுப்புக் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு அந்தியில் ஹேரத் சீயா வந்து இறங்கினார். மூத்தாப்பா பழக்கிய தமிழில், மகள், லாபிர் எங்க என்று மூத்தாப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டார். காலையில இருந்தே எடுத்தேன் மாமா, லைன் கிடைக்கல்ல என்று சொல்லிவிட்டேன். அவர், பரவாயில்ல மகள், லாபிர் எப்பவும் எனக்கு முந்தித்தான் புறப்படுறது என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஹலீம் மாமாதான் அடக்கிய மையவாடிக்குக் கூட்டிப்போனார். மண்ணைப் பார்த்து உயர்த்திய கையை அவர் இறக்கவே இல்லை, நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன் என்று ஹலீம் மாமா வந்து சொன்னார்.

அதோடு முடியவில்லை மகன். போன கிழமை ஹேரத் சீயாவின் மருமகள் போன் எடுத்து அழுதாள். அன்று காலையில் அவள் சீயாவின் போனைச் சார்ஜ் போடாமல் விட்டதால்தான் அழைப்பு வரவில்லை என்று ஏசிவிட்டு, அவள் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைக்கூட அவர் குடிப்பதில்லையாம். நான் போட்டுத்தானே வச்சேன் அக்கா என்கிறாள். லைன்ல ஏதும் பிழை இருந்திருக்கும் என்று அவளிடமும் அதையே சொன்னேன். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வாய் இது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஈரத் தலையோடு ஏசியில் படுக்க வேண்டாம், மூத்தாப்பாவுக்கு ஒரு யாசீன் ஓதிவிடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் அவரைப் போல மனசையும் தரட்டும்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். பெருநாளுக்கென்று வைத்திருக்கும் லீவை முன்னால் எடுத்துக்கொண்டு வர முடியுமா? பெருநாளன்று தனியாக இருப்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஹேரத் சீயாவுக்கும் வயது போய்விட்டது, தள்ளிப்போடப் பயமாக இருக்கிறது. ஹேவாஹெட்டவுக்கு என்னைக் கூட்டிப்போங்கள். அந்த மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நானே அவரிடம் சொல்வேன், நீங்கள் எதுவும் பேச வேண்டாம். சொல்லி முடிக்க முந்தி நான் எழும்பப் பார்த்தால் கையைப் பிடித்து உட்காரவையுங்கள்.

உங்கள் உம்மா
மஸாஹிரா