பூபதி மறைத்த கடிதம்

ஆனி, வியாழன் இரவு.

பேத்தி செல்விக்கு மூளை நரம்பியல் பட்டப்படிப்பில் பெங்களூரில் இடம் கிடைத்ததை, உத்திரமேரூர் பிரவுசிங் சென்டர் பூபதி எட்டு நாள் மறைத்துவிட்டான். கல்லூரியின் தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறதே, கடிதம் எங்கே என்று இன்று போய்க் கேட்டேன்.

"ஊர்ல பாதிப் பேருக்கு அப்ளிகேசன்ல என் மெயில்தான் போடுறேன், பெரியவரே. லெட்டர் எனக்குத்தான் வந்துச்சு. பொட்டப் புள்ளைக்கு அம்மாந்தூரம் இன்னாத்துக்கு? சென்னையிலயும் சீட் கீதே."

"உன்ன யார்ரா கேட்டது?" என்றேன். காலையில் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டினான்.

வீட்டில் செல்வி இரண்டு ஊர்ப் பாடத்திட்டங்களையும் வாசித்துக் காட்டினாள். சென்னையில் மூன்றாம் வருடம்தான் ஆய்வகம். பெங்களூரில் முதல் வருடமே உண்டு. இழந்த உறுப்பை மூளை எப்படி மறக்காமல் வைத்திருக்கிறது என்று அங்கே ஆராய்கிறார்களாம். மோட்டார் பெல்ட்டில் சிக்கித் துண்டாகிப் போன என் சுண்டுவிரல் இன்னும் அரிக்கிறது. டாக்டர் பிரமை என்றார்.

"பிரமை இல்ல தாத்தா. மூளையில அந்த விரலுக்கு இன்னும் எடம் கீது."

"எந்தப் பக்கம்? எவ்ளோ எடம்?"

"போய்ப் படிச்சாத்தான் தெரியும்."

பெங்களூர் இடத்தை ஏற்க நாளை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. கடை திறந்ததும் பூபதி கடிதத்தை எடுத்துத் தர வேண்டும். சம்மதம் என்ற பொத்தானைச் செல்வியே அழுத்த வேண்டும். அவள் அப்பன் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பூபதி கடை வாசலை விட்டு நான் நகரக் கூடாது.