இரண்டாம் கொட்டகையில் கண் எரிவதில்லை

அன்பு வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். படிக்கப் போன இடத்திலேயே நிரந்தர வேலை தருகிறார்கள், சேரட்டுமாப்பா என்று போனில் கேட்டாய், இந்தக் கோழி பேட்ச் முடியட்டும், சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். கோழிக்கும் அவ வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கிறாள். நேற்று கோழியெல்லாம் லாரி ஏறிவிட்டது, இனி நழுவ இடமில்லை.

நீ சொன்னபடியே முதல் கொட்டகைக்கு என் பழைய தீவனம், இரண்டாவதற்கு உன் தீவனம் என்று பிரித்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து புரதத்தை இருபத்தொரு சதவீதத்திலிருந்து பத்தொன்பதுக்கு இறக்கி, சோயாப் புண்ணாக்கைக் குறைத்து, லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களை நீ எழுதிய அளவில் தனியாகச் சேர்க்கச் சொன்னபோது தீவன மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொண்ணு படிச்சிருக்கு சரி, கோழி படிக்கலையேண்ணே என்றார். எனக்கும் உள்ளூர உதறல்தான். கோழிக்கு வேண்டியது புரதத்துக்குள் இருக்கிற அமினோ அமிலங்கள்தான், மிஞ்சுவதெல்லாம் எச்சத்தில் போகும் என்று நீ சொன்னதை முணுமுணுத்துக்கொண்டே சாக்கைப் பிரித்தேன். கடைசியில் இரண்டு கொட்டகையிலும் ஒரே எடை. மில்காரர் இப்போது உன் போன் நம்பர் கேட்கிறார்.

ஆனால் நீ சொல்லாமல் விட்ட ஒன்று நடந்தது. உன் கொட்டகையில் தரையில் விரித்த மரத்தூள் பொலபொலவென்று காய்ந்து கிடந்தது, எச்சத்தில் வீணாய்ப் போவது குறைந்ததாலோ என்னவோ, கண்ணை எரிக்கும் அமோனியா நெடியே இல்லை. பிற்பகலில் தீவனச் சாக்கின் மேல் போய் உட்காருவேன். கம்பிவலை வழியாக வெயில் சரிந்து விழும், அதில் தூசி மிதக்கும், நாலாயிரம் கோழிகளும் கண்ணை மூடி மூச்சுவிட, கொட்டகையே எங்கோ மெல்ல நகர்ந்து போவது போலிருக்கும். அரைத்தூக்கத்தில் நீ ஆறு வயதுக்காரியாகக் குஞ்சுகளுக்கு நடுவே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருவாய், குஞ்சை மிதிக்காமலிருக்க நான் பழக்கிய நடை. ஒருநாள் விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. நீ இங்கிருந்து படிக்கப் புறப்பட்ட அன்று கொட்டகையிலிருந்து சிவந்த கண்ணோடு வந்து, அமோனியா நெடிம்மா, வேற ஒண்ணுமில்ல என்றேனே, அதிலிருந்து உன் நினைப்பு வரும்போதெல்லாம் கொட்டகைக்குப் போவது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது கன்னம் நனைந்த அன்று பின்னாலேயே வந்த அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்து, இங்கதான் நெடியே இல்லையே, கண்ணுல என்ன என்று கேட்டாள். கொட்டகை நிறைய சாக்கு இருக்கிறது, எனக்குச் சொல்ல ஒரு சாக்கில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வேலையில் சேர்ந்துவிடம்மா. எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனாலும் சேர். எனக்காக நீ திரும்பி வந்தால் நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்படுவேன், அது உனக்கு நல்லதில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எங்கே இருந்தாலும் நீ மனம் நிறைந்து நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசி. அடுத்த பேட்சுக்கு இரண்டு கொட்டகைக்கும் உன் தீவனம்தான், கலவை அளவை மறக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
இனி எந்தக் கொட்டகையிலும் ஒளிய முடியாத
உன் அப்பா