இரட்டை வேகத்தில் என் குரல்

ஏப்ரல் 14, ஞாயிறு

துறைமுக நகரமான மொஸ்தகானத்தின் இந்தப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகத் தத்துவம் நடத்துகிறேன். வெள்ளி, சனி வார விடுமுறை முடிந்து வந்த முதல் வகுப்பில் இன்றுதான் பார்த்தேன்: வஃபாவின் முக்காட்டுக்குள் இயர்போன். பள்ளி இறுதியாண்டு வகுப்பு, அதுவும் முதல் வரிசை. நான் மாதிரிக் கட்டுரையைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் கண்ணை மூடி வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். போனைப் பிடுங்கிக் கண்காணிப்பாளர் லக்தரிடம் கொடுத்துவிட்டேன். பெற்றவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். விதி விதிதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வஃபா இரண்டு நாளாக வரவில்லை. அவள் பக்கத்தில் உட்காரும் மாயா இடைவேளையில் வந்தாள்.

"அது பாட்டு இல்ல டீச்சர். போன வாரம் நீங்க சொன்ன கட்டுரை. எல்லாரும் பதிவு பண்ணி ரெட்டை வேகத்துல கேட்டுத்தான் மனப்பாடம் பண்றோம். நீங்க கொஞ்சம்... நிதானமாப் பேசுவீங்கல்ல."

நிதானமாம். மரியாதை தெரிந்த பெண்.

லக்தர் கூப்பிட்டதும் வஃபாவின் அப்பா வந்து கையெழுத்துப் போட்டுப் போனை வாங்கிப்போய், யாரோ பையன் விவகாரம் என்று நினைத்துப் படிப்பையே நிறுத்திவிட்டாராம். பொதுத்தேர்வுக்கு எட்டு வாரம்தான் இருக்கிறது. காதுல என்னன்னு ஒரு வார்த்தை அவகிட்டக் கேட்டேனா நான்? கேட்டிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?

ஏப்ரல் 17, புதன்

நாளை வஃபாவின் அப்பாவைப் போய்ப் பார்க்கிறேன். லக்தர் தடுத்தாலும் சரி.

ஏப்ரல் 18, வியாழன்

வஃபாவின் அப்பா முராத் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எம் பொண்ணு எவன்கூடப் பேசினான்னு சொல்லத்தான வந்தீங்க?"

"தப்பு என்னோடதுன்னு சொல்ல வந்தேன்."

மாயாவிடம் வாங்கிய பதிவை இரட்டை வேகத்தில் போட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரு இது, வாத்து கத்துற மாதிரி?"

"நான்தான்."

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. கடைசியில், "போன் எங்கிட்ட இருக்கட்டும் டீச்சரம்மா. பொண்ணு ஞாயித்துக்கிழமை வருவா" என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரட்டை வேகத்தில் கேட்டாலும் ஒன்றும் குறையாத பாடத்தை எதற்கு நடத்துவது? இனி நான் பேசுவது பத்தே நிமிடம். மீதி நேரம் அவர்கள் என்னை மறுத்துப் பேச வேண்டும். போன்கள் மேசைமேல் இருக்கட்டும்; பதிவு செய்ய வேண்டியது அவர்கள் வாதத்தை. லக்தர் முறைத்தார். முறைக்கட்டும்.

மே 6, திங்கள்

"மனப்பாடம் பண்ண எதுவுமே தரமாட்டீங்களா டீச்சர்? எங்களைக் கவுத்துடாதீங்க." மாயா அழுதுவிட்டாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் தரவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று தத்துவத் தேர்வு. வாசலில் முராத் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். வஃபா வெளியே வந்தாள், விரலெல்லாம் மை.

"முதல் பக்கத்துல நீங்க சொன்னதை எழுதினேன் டீச்சர். அப்புறம் அது ஏன் தப்புன்னு மூணு பக்கம் எழுதிட்டேன்."

"பாஸாவாளா?" என்று முராத் என்னைக் கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.