மூக்கு மட்டும் மிச்சம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடுப்பு மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் வாலுப் பேத்தியும் சுகம்தானே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனில் உன் குரல் கேட்டதும் என் வாய் பொய் பேச ஆரம்பித்துவிடுகிறது, அதனால்தான். நான் வேலை பார்த்த நாசகாரிப் போர்க்கப்பல் இப்போது எங்கே அப்பா என்று போன வாரம் கேட்டாயே, ஜம்மென்று நிற்கிறாள், காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம் என்று அளந்துவிட்டேன். நிற்பது உண்மை. நிற்கிற இடம் எங்கள் கப்பல் உடைக்கும் தளம், உடைக்கிற கூட்டத்துக்கு மேஸ்திரி உன் அப்பன்.

சத்தியமாக எனக்கு முன்னால் தெரியாது கண்ணு. இழுவைப்படகு இழுத்துவந்தபோதுதான் முன்பக்க மூக்கில் உன் கப்பலின் எண்ணைப் பார்த்தேன். புயலில் மாட்டிய மீனவர்களை அள்ளி வந்தவள், கடற்கொள்ளையரை விரட்டியவள், முதல் ஏவுகணை விட்ட அன்று ரேடார் முன்னால் உட்கார்ந்து நகத்தையெல்லாம் கடித்துத் துப்பினேன் என்றாயே, அவளேதான். உங்கள் கேப்டன் துறைமுகச் சுவரில் உரசிய தழும்புகூட அப்படியே இருக்கிறது. பீரங்கியெல்லாம் கழற்றிவிட்டதால் பல்செட்டை எடுத்த கிழவி மாதிரி வந்து நின்றாள். எங்கள் வழக்கப்படி முதல் வெட்டு மேஸ்திரியுடையது. வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம், யாரும் என்னைத் தின்றிருக்க மாட்டார்கள். கிரேன்காரன், என்ன மேஸ்திரி, பொண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்புற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே என்று கேட்டானா, வீம்பு வந்துவிட்டது. உன் ரேடார் கோபுரத்தை நானே வெட்டிச் சாய்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் பல்லை இளித்தேன்.

அப்புறம் உன் படுக்கையைத் தேடிக் கீழே போனேன். எல்லா அடுக்குக் கட்டிலும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றாக அடியில் தடவிக்கொண்டே போனால் ஒன்றில் மட்டும் காய்ந்த பபிள்கம், நம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒட்டுவாயே, அதே வரிசை. கடற்படையும் உன்னைத் திருத்தவில்லை. சிரித்தேன், பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்று நீ லீவு கிடைத்தது, பேத்திக்குக் கப்பலைக் காட்ட வருகிறேன் என்றதும் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரும்பே அறுந்திருக்கும். நாசகாரிக் கப்பல்னு பேருதான் அதுக்கு, நாசம் பண்ணது நீங்க என்றாள்.

எப்போதும் மூக்கிலிருந்துதான் உடலை வெட்டத் தொடங்குவோம். இன்று மேனேஜரிடம் போய், முன்தொட்டிகளில் எண்ணெய் ஆவி இருக்கு சார், நெருப்பு காட்டினா நீங்களும் நானும் ஜோடியா மேலே போயிடுவோம் என்று பயமுறுத்தி, வால் பக்கத்திலிருந்து தொடங்க வைத்திருக்கிறேன். ஆவியும் இல்லை, பூதமும் இல்லை. சோதனைக்காரர் வந்து என் குட்டை உடைக்கும்வரை மூக்கும் அதிலுள்ள எண்ணும் நிற்கும், அதற்குள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடு. தரையெல்லாம் இரும்புச் சில்லு, குழந்தைக்குத் தடித்த ஷூ மாட்டிக் கூட்டிவா. மீதிக் கப்பல் எங்கே, யார் உடைச்சாங்க என்று அவள் கேட்டால் நீ திண்டாட வேண்டாம், பக்கத்தில் நின்று நானே சொல்லிவிடுகிறேன்.

மூவரும் நோய் நொடியின்றி நன்றாக இருங்கள்.

கைதட்டல் வாங்கிய
உன் அப்பா